பதினோரு அறை

1

இந்தக் கதையை எனக்குச் சொன்னவன் அதை ஒரு வேடிக்கையாகத்தான் சொன்னான். ஆறுமுகநேரியில் உப்பு லாரிகள் எடை போடக் காத்து நிற்கும் வரிசையில் ஒரு டிரைவர். எழுபத்தொன்பதில் தூத்துக்குடியில் ஒருவர் வீட்டிலேயே கம்ப்யூட்டர் வைத்திருந்தாராம். தினமும் காலையில் அதற்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்ற வேண்டுமாம். கரண்டு போனால் அத்தனையும் போய்விடுமாம். "அது சொன்னதக் கேட்டுக்கிட்டு ஒருத்தன் கடலுக்குள்ள எறங்கியிருக்கான், பாத்துக்கிடுங்க" என்று தொடையில் தட்டிச் சிரித்தான்.

இறங்கினவன் என்ன ஆனான் என்று கேட்டேன்.

"இடுப்புக்குக் கீழ போச்சு."

அப்போதும் அவன் முகத்தில் சிரிப்பின் மிச்சம் இருந்தது. அவனைக் குறை சொல்லமாட்டேன். வேகமாக வந்த சிரிப்பு நிற்கக் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

மற்றதெல்லாம் நான் உண்டாக்கியது. பெயர்கள், வீடு, கயிறு எல்லாம். யார் மேல் தவறு என்பதையும் நான்தான் உண்டாக்கினேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் யாருக்கோ தீர்ப்புச் சொல்வதுபோல உங்களுக்குத் தோன்றினால், அந்த ஆளை முதலில் செய்தவனே நான்தான் என்பது நினைவிருக்கட்டும்.

2

முதல் தொடக்கம்: "கடல் அன்று அமைதியாக —"

அடித்துவிட்டேன். தூத்துக்குடியைப் பற்றி எழுதுகிற ஒவ்வொருவனும் கடலை முதல் வரியில் கொண்டுவந்து நிறுத்துகிறான். தேவபிரசாதத்துக்குக் கடல் தெரியாது. அவர் நாசரேத்துக்காரர். பதினாறு வருடமாகத் தூத்துக்குடியில் குடியிருந்தும் மீன் வாங்கத் தவிர அந்தப் பக்கம் போனதில்லை. இந்தக் கதையில் நடந்த தவறுக்கு அது ஒரு காரணம். ஆகவே கடல் அவருக்குத் தெரியாத இடமாகவே இருக்கட்டும்.

இரண்டாம் தொடக்கம்: "தேவபிரசாதம் ஒரு மேதை. ஆனால் அந்த ஊர் அவரை —"

பொய். அவர் மேதை இல்லை. அழுத்தம் காட்டும் கேஜ், வெப்பம் காட்டும் கேஜ் இவற்றைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் பூட்டத் தெரிந்த மெக்கானிக். ஒரு தொழிற்சாலையில் இருந்தார். இரவு ஷிப்டு ஒத்துக்கொள்ளாமல் விட்டுவிட்டார். [இங்கே ஒரு நல்ல காரணம் வேண்டும்: மேலதிகாரியோடு சண்டை? மனசாட்சி?] காரணம் வைக்கவில்லை. ஆட்கள் வேலையை விடுகிறார்கள், அவ்வளவுதான்.

மூன்றாம் தொடக்கம் இல்லை. நேராகப் போகலாம்.

3

தேவபிரசாதத்துக்கு முப்பத்தெட்டு வயது. மனைவி கிளாடிஸ் மிஷன் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். அவள் சம்பளத்தில் வீடு நடந்தது. அவர் முன்னறையில் மேஜை போட்டு ரேடியோவும் கேஜும் பழுதுபார்த்தார். கப்பலில் ஒயர்லெஸ் வேலை பார்த்த தம்பி சிங்கப்பூரிலிருந்து ஒரு முறை வந்தபோது, சேலைகளுக்கு நடுவே சுற்றி ஒரு பொருளைக் கொண்டுவந்தான். சிலேட்டு அளவில் ஒரு பச்சைப் போர்டு. அதன் மேல் இருபத்துச் சொச்சம் பட்டன், சிவப்பாக எரியும் ஆறு இலக்கம். திரை கிடையாது. பெட்டிகூடக் கிடையாது. எலும்பும் நரம்பும் வெளியே தெரிய மேஜையில் கிடந்தது. அதுதான் கம்ப்யூட்டர்.

அதன் மெமரியில் மொத்தம் ஆயிரத்து இருபத்து நான்கு அறைகள். ஓர் அறையில் ஓர் எண். இருநூற்று ஐம்பத்தைந்துக்கு மேல் கொள்ளாது. என்ன செய்ய வேண்டும் என்ற கட்டளைகள் அந்த அறைகளில்தான். கட்டளைகளுக்கு வேண்டிய அட்டவணையும் அவற்றில்தான். ஒரு வேலையின் நடுவே வேறு வேலைக்குப் போனால் எங்கே திரும்பி வர வேண்டும் என்று இயந்திரம் தனக்குத்தானே எழுதிக்கொள்ளும் குறிப்பும் அவற்றில்தான். இந்தப் பத்தியை எழுத்தெண்ணி அதற்குள் அடைத்தால் மூன்றில் ஒரு பங்கு இடம் அதற்கே போய்விடும்.

கரண்டு போனால் அத்தனை அறையும் காலி. அதனால் எழுதியதைச் சத்தமாக மாற்றி டேப்ரிக்கார்டரில் பதிந்து வைத்துக்கொள்வார். காலையில் கேசட்டை ஓட விட்டால் கீச்சென்று மூன்று நிமிடம் அலறி, உள்ளே ஏறும். பக்கத்து வீட்டு நாய் அதற்குப் பதில் சொல்லும்.

ஒன்றரை வருடம் அந்த இயந்திரம் உருப்படியாக எதுவும் செய்யவில்லை. இரண்டு எண்ணைப் பெருக்கும். எந்தத் தேதி என்ன கிழமை என்று சொல்லும். கிளாடிஸ் ஒரு முறை கேட்டாள்: "காலண்டர்ல பாத்தா தெரியாதா?"

அந்தக் கேள்வி அவருக்குள் எவ்வளவு நாள் கிடந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். நான் நினைத்துப் பார்த்தேன். நடந்ததெல்லாம் அதிலிருந்துதான் வந்தது என்று ஒரு வாக்கியம் எழுதினேன். பிறகு, ஒரு பெண்ணின் கேலி மேல் பழியைப் போடுவது சுலபமாக இருக்கிறதே என்று அதையும் எடுத்து —

4

துறைமுகத்துக்கு வடக்கே செம்புக் கம்பிச் சுருள்களோடு ஒரு தோணி மூழ்கிக் கிடந்தது. அதை மேலே கொண்டுவரும் வேலையை எடுத்த காண்டிராக்டர் சங்கு குளிக்கிறவர்களைக் கூலிக்குப் பிடித்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் கீழே இருந்து பழகியவர்கள். அவர்களுக்கு ஒரு கம்ப்ரசரையும் நீளக் குழாயையும் கொடுத்தார். இனி மூச்சைப் பிடிக்க வேண்டாம், மணிக்கணக்கில் கீழே இருக்கலாம்.

கம்ப்ரசரின் கேஜ் கெட்டுப்போனது. அதைச் சாக்கில் சுற்றித் தேவபிரசாதத்தின் வீட்டுக்குக் கொண்டுவந்தவன் இஞ்ஞாசி. கட்டை குட்டையான ஆள், அகன்ற மார்பு, உப்பில் வெளுத்த முடி.*

கேஜைத் துடைத்துக்கொண்டே தேவபிரசாதம் பேச்சுக் கொடுத்தார்.

"எத்தன நேரம் கீழ கெடப்பிய?"

"வேல முடியந்தட்டியும். அதான் குழாயில காத்து வருதுல்லா சார்."

"மேல வரும்போது?"

"மச்சான் கயித்த இழுப்பான். வந்துருவேன்."

"நடுவுல நிக்கிறதில்லையா?"

"நடுவுல என்ன சார் இருக்கு, பஸ் ஸ்டாப்பா?"

தேவபிரசாதத்தின் கை நின்றது. தம்பி கொண்டுவந்த புத்தகங்களில் ஒன்று, முக்குளிப்பவர்களுக்கான கையேடு. அழுத்தத்தைப் பற்றி என்பதால் அவர் படித்திருந்தார். ஆழத்தில் நெடுநேரம் இருந்து அழுத்தக் காற்றைச் சுவாசித்தவனை நேராக மேலே இழுத்தால், சோடா பாட்டிலைத் திறந்தது போல ரத்தத்தில் குமிழி வரும். குமிழி மூட்டில் நின்றால் வலி. முதுகுத்தண்டில் நின்றால் கால் போகும். அதனால் நடுவில் நிறுத்தி, கணக்குப்படி காத்திருந்து வர வேண்டும். எத்தனை நிமிடம் என்பதற்குப் புத்தகத்தில் பக்கம் பக்கமாக அட்டவணை இருந்தது. ஆங்கிலத்தில்.

அவர் சொல்லச் சொல்ல இஞ்ஞாசி கேட்டான். கடைசியில், "முட்டு வலிக்கத்தான் செய்யுது" என்றான். "வாயுன்னுல்லா நெனச்சேன்."

அன்று சாயங்காலம் தேவபிரசாதம் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தார். ஆழத்தையும் நேரத்தையும் அழுத்தினால் நிறுத்த வேண்டிய நிமிடம் சிவப்பு இலக்கத்தில் வர வேண்டும். எண் மட்டும் போதும். எண்ணை யாரும் படிப்பார்கள்.

கிளாடிஸ் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். "ஒரு அட்டையில எழுதிக் குடுத்தா போதாதா?"

"ஒரு நாளைக்கு ரெண்டு தடவ முங்குதான். ரெண்டாவதுக்குக் கணக்கு மாறும். மொத தடவ எவ்வளவு நேரம், நடுவுல எவ்வளவு ஓய்வு, எல்லாம் சேரும்."

"அப்ப ரெண்டு அட்ட."

அவர் அடுத்த பட்டனை அழுத்தினார்.

(வாசகர்களில் யாராவது இதே கேள்வியைக் கேட்டிருப்பீர்கள். ஆமாம், இரண்டு அட்டை போதும். அட்டையில் இடம் தீராது, கரண்டு போனால் அழியாது. கிளாடிஸே உட்கார்ந்து எழுதியிருப்பாள். அப்படி நடந்திருந்தால் இந்தக் கதை இல்லை. ஒரு மனிதன் நடந்துகொண்டிருப்பான். இதை அடைப்புக்குறிக்குள் வைத்திருப்பது எனக்கே அசிங்கமாக இருக்கிறது.)

மறுநாள் இஞ்ஞாசி கேஜை வாங்க வந்தபோது ஆழம் எவ்வளவு இருக்கும் என்று கேட்டார்.

"தோணி சரிஞ்சு கெடக்கு சார். தல பக்கம் பதினோரு பாகம். பின்பக்கம் போகப் போகப் பதினாலு வரும்."

பாகம் என்பது இரண்டு கையையும் விரித்தால் இந்த விரல் நுனியிலிருந்து அந்த விரல் நுனி வரை. புத்தகம் அதை ஆறடி என்றது. தேவபிரசாதம் மெக்கானிக்; புத்தகத்தை அப்படியே நம்புகிறவர் இல்லை. கிளாடிஸின் தையல் டேப்பை எடுத்து, "கைய விரிங்க" என்றார்.

"சட்ட தைக்கப் போறியளா சார்? பை ரெண்டு வச்சிருங்க."

ஐந்தரை அடி இருந்தது. ஆக, இஞ்ஞாசி பதினான்கு பாகம் என்றால் உண்மையில் எழுபத்தேழு அடிதான். புத்தகக் கணக்கில் எண்பத்து நான்கு. இயந்திரத்தில் ஆறடிக் கணக்கையே வைத்துக்கொண்டு, ஏழு அடி நமக்கு லாபம் என்று நோட்டில் குறித்துக்கொண்டார். அளந்து பார்த்ததில் அவருக்கு ஒரு திருப்தி.

* தேவபிரசாதத்தை 'அவர்' என்றும் இஞ்ஞாசியை 'அவன்' என்றும் எழுதிக்கொண்டு வருகிறேன். இருவருக்கும் ஒரே வயது. திருத்திப் பார்த்தேன். இரண்டு வரிக்குள் கை பழைய இடத்துக்கே போய்விட்டது.

5

இரண்டாம் முறை முங்குவதற்கான கணக்கைச் சேர்த்ததும் இயந்திரம் கோளாறு செய்தது. முதல் தடவைக்குச் சரியான விடை. இரண்டாம் தடவைக்கு, ஆழம் குறைவாக இருந்தால் சரி. அதிகமானால் நிறுத்த வேண்டியது எழுபத்தொரு நிமிடம் என்றது. சில சமயம் ஆறு இலக்கமும் எரிந்தபடி அப்படியே நின்றது.

முதலில் கரண்டைச் சந்தேகப்பட்டார். டிரான்ஸ்பார்மரை மாற்றினார். அதே எழுபத்தொன்று. சில்லு சூடாகிறதோ என்று ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தார். இல்லை. கேசட்டைப் படிக்கும் ஹெட்டில் அழுக்கு இருக்கலாம் என்று ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைத்துத் திரும்ப ஏற்றினார். நாய் இரண்டு முறை குரைத்ததுதான் மிச்சம்.

கடைசியில் எல்லா அறையையும் திறந்து பார்ப்பது என்று முடிவு செய்தார். சனிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கிளாடிஸை உட்கார வைத்தார். ஒரு பட்டனை அழுத்தினால் அடுத்த அறை. அதில் இருப்பதை அவள் வாசிக்க வேண்டும், அவர் நோட்டில் சரிபார்க்க வேண்டும். கிளாடிஸ் வருகைப் பதிவு எடுக்கும் குரலில் வாசித்தாள். ஆயிரத்து இருபத்து நான்கு பிள்ளைகள் கொண்ட வகுப்பு. எழுநூறு வரை எல்லாரும் ஆஜர்.

"அடுத்தது?"

"நாப்பத்தேழு."

"அங்கன பதினெட்டுல்லா இருக்கணும்?"

"இங்கன நாப்பத்தேழுதான் இருக்கு. எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு."

"அடுத்தது?"

"ரெண்டு."

"அதுவும் தப்பு."

"தப்புன்னா நான் என்ன செய்ய? நானா உள்ள போய் உக்காந்திருக்கேன்?"

அட்டவணையின் கடைசி வரிசை முழுவதும் வேறு எண்கள். தேவபிரசாதம் நெடுநேரம் அவற்றைப் பார்த்தார். பிறகு புரிந்தது. யாரும் கெடுக்கவில்லை. எங்கே திரும்பி வர வேண்டும் என்று இயந்திரம் எழுதிக்கொள்ளும் குறிப்புகள் மேல் அறையிலிருந்து கீழ்நோக்கி வளர்கின்றன. இரண்டாம் கணக்கு வந்ததும் குறிப்புகள் கூடின. இடம் போதாமல் அட்டவணையின் மேல் எழுதிவிட்டன. இயந்திரம் தன் வழியைக் குறித்து வைக்க, அந்த மனிதன் நிற்க வேண்டிய நிமிடத்தை அழித்துக்கொண்டிருந்தது.

கணக்குப் பார்த்தார். இருபத்தாறு அறை பற்றாக்குறை.

"சின்னதுதான?" என்றாள் கிளாடிஸ்.

"ஒரு கட்டளைக்கு ரெண்டு அறை, மூணு அறை ஆகும். எதையாவது எடுக்கணும்."

தொடக்கத்தில் ஆறு இலக்கமும் மூன்று முறை கண் சிமிட்டுமாறு செய்திருந்தார். அதைப் பார்க்கத்தான் பக்கத்து வீட்டார் வருவார்கள். எடுத்தார். ஒன்பது அறை. ஒரே வேலையை இரண்டு இடத்தில் எழுதியிருந்ததை ஒன்றாக்கினார். ஆறு. ஆயிற்று பதினைந்து. இன்னும் பதினொன்று.

ஞாயிறு கோயிலுக்குப் போய் வந்து மறுபடி உட்கார்ந்தார். திங்கள் காலை இஞ்ஞாசி வருவான்.

6

எடுத்தது இது.

புத்தகத்தின் அட்டவணை பத்துப் பத்து அடியாக ஏறும். எழுபது, எண்பது, தொண்ணூறு. ஆழம் நடுவில் இருந்தால் அடுத்த பெரிய வரிசையைப் பார் என்பது புத்தகத்தின் விதி. எண்பத்து நான்கு என்றால் தொண்ணூறைப் பார். அதற்கான கட்டளைக்குச் சரியாகப் பதினோரு அறை. அதை எடுத்தால் இயந்திரம் மிச்சத்தைத் தள்ளிவிட்டு எண்பதைப் பார்க்கும்.

எடுக்கலாமா? நோட்டைப் புரட்டினார். இஞ்ஞாசியின் பதினான்கு பாகம் எழுபத்தேழு அடி. எண்பது வரிசையே தாராளம். கைநீளத்தில் ஏற்கெனவே ஒரு பாதுகாப்பு இருக்கிறது. விதி அதன் மேல் இன்னொன்று. அளந்து, எழுதி, யோசித்துத்தான் எடுத்தார். சோம்பேறித்தனத்தில் எடுத்திருந்தால் இந்தக் கதையை எழுதுவது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பட்டனை அழுத்தினார். முதல் தடவை சரி. இரண்டாம் தடவையும் எல்லா ஆழத்துக்கும் விடை வந்தது. எங்கும் நிற்கவில்லை. கிளாடிஸைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"என்னத்த எடுத்திய?"

"வேண்டாத ஒண்ணு."

7

இந்தப் பகுதியில் கடலடியில் நடந்ததை எழுதியிருந்தேன். மூன்று பக்கம். பச்சை வெளிச்சம், செம்புச் சுருள், குழாயின் இரைச்சல். நன்றாக இருந்தது, அதனாலேயே எடுத்தேன். நானும் அங்கே போனதில்லை.

நடந்தது இவ்வளவுதான். எட்டு நாள் இஞ்ஞாசி காலையில் சைக்கிளில் வருவான். அன்று எந்தப் பக்கம் வேலை, எத்தனை பாகம், எவ்வளவு நேரம் என்று சொல்லுவான். சிவப்பில் வரும் எண்களைத் தேவபிரசாதம் ஒரு சிகரெட் அட்டையில் எழுதித் தருவார். படகில் கயிறு பிடிக்கும் மச்சான் கஸ்பார், டைம்பீஸைப் பார்த்து அத்தனை நிமிடம் நிறுத்தி இழுப்பான். முட்டு வலி குறைந்திருந்தது, போகவில்லை. அதை இஞ்ஞாசி மனைவி ரோஸிடம் மட்டும் சொன்னான். "படிச்ச மனுசன் அவ்வளவு பாடுபட்டுக் கணக்குப் போட்டுத் தாராரு. அவருட்ட போய் வலிக்குதுன்னு எப்படிச் சொல்ல?"

ஒன்பதாம் நாள் பதினான்கு பாகத்தில் வேலை. அட்டையில் இரண்டாம் தடவைக்குப் பதினேழு நிமிடம். பதினேழு நிமிடம் நிறுத்தி இழுத்தார்கள். படகில் ஏறி உட்கார்ந்து பீடி கேட்டான். பற்றவைத்துக் கொடுப்பதற்குள் கால் மரத்தது என்றான். கரை வருவதற்குள் கால் இருப்பதே தெரியவில்லை என்றான்.

ரோஸுக்கும் ஒரு பக்கம் எழுதியிருந்தேன். நீளம் கருதி எடுத்துவிட்டேன். எடுத்த பிறகுதான், நான் என்ன செய்தேன், எந்த வார்த்தை சொல்லி அதைச் செய்தேன் என்று யோசித்தேன். திரும்ப வைக்கவில்லை. அவள் வேறு இடத்தில் வருவாள்.

8

கயிறு பிடிப்பதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கடலுக்குள் இறங்குகிறவனின் கயிற்றை மனைவியின் கூடப்பிறந்தவனிடம்தான் கொடுப்பார்கள். தன் தங்கையின் தாலியை அவன் அறுக்கமாட்டான் என்ற நம்பிக்கை. அதனால், கயிற்றில் தவறு என்று வந்தால் அது வெறும் தொழில் தவறு இல்லை.

"கயித்துக்காரன் அவசரப்பட்டு இழுத்துட்டான்" என்று காண்டிராக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார். கஸ்பாருக்கு முன்கோபம் உண்டு, அவசரமும் உண்டு, தெருவுக்குத் தெரியும். எல்லாரும் நம்பினார்கள். ரோஸும் நம்பினாள். ஆஸ்பத்திரி வார்டுக்குள் அண்ணனை விடவில்லை.

நான்காம் நாள் கஸ்பார் தேவபிரசாதத்தின் வீட்டுக்கு வந்தான். நிலையில் தலை இடிக்காமல் குனிந்து உள்ளே வந்தான். உட்காரச் சொன்னபோது உட்காரவில்லை.

"சார், பதினேழுன்னு எழுதித் தந்தியளா இல்லியா?"

"தந்தேன்."

"பதினேழு முழுசா நிப்பாட்டித்தான் இழுத்தேன். ஒரு நிமிசம் கூட வச்சித்தான் இழுத்தேன். மாதா சத்தியமா. ஆனா தங்கச்சி என்ன சொல்லுதா? 'என் கண்ணு முன்னால நிக்காத'ங்கா. எங்க அம்ம எனக்குச் சோறு போட மாட்டேங்கா." மூக்கை உறிஞ்சினான். "நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லுங்க சார். படிச்ச ஆளு சொன்னா கேப்பா. நான் நிமிசத்தக் குறைக்கல்லன்னு."

தேவபிரசாதம் நான்கு நாளாகத் தூங்கவில்லை. கேசட்டை மூன்று முறை ஏற்றிப் பார்த்திருந்தார். இயந்திரம் அதே பதினேழைத்தான் சொன்னது. தவறு எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை.

"ஆழம் பதினாலுதானா? யார் பார்த்தது?"

"நாந்தான். என் கயிறுல்லா."

"உங்க கயிறா? இஞ்ஞாசி அளந்தது இல்லையா?"

கஸ்பாருக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. "அவன் எப்படி அளப்பான்? பிடிக்கவன்தான சார் கயித்த அளக்கணும்? பொறுப்பு அவனுக்குல்லா. நானே, என் கையால, இந்தா —"

இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். ஒரு கை அலமாரியைத் தொட்டது. இன்னொரு கை ஜன்னலைத் தாண்டிப் போனது.

தேவபிரசாதம் தையல் டேப்பை எடுத்தார். கஸ்பார் கையை இறக்காமல் நின்றான். ஏதோ அவனுக்குச் சாதகமான சோதனை என்று நினைத்திருக்கலாம். ஆறடி நான்கு அங்குலம். பதினான்கால் பெருக்க இயந்திரம் வேண்டியிருக்கவில்லை. எண்பத்தெட்டரை அடிக்கும் மேல்.

புத்தகத்தின் விதி இருந்திருந்தால் பதினான்கு பாகத்துக்கு இயந்திரம் தொண்ணூறைப் பார்த்திருக்கும். கஸ்பாரின் கைநீளமும் அதற்குள் அடங்கியிருக்கும். நிமிடம் முப்பதைத் தாண்டியிருக்கும். அதைத்தான் அவர் பதினோரு அறைக்காக எடுத்திருந்தார்.

"என்ன சார், சரியா இருக்கா?" என்றான் கஸ்பார், இன்னும் கையை விரித்தபடி.

"கைய எறக்குங்க" என்றார் தேவபிரசாதம்.

அடுப்படி வாசலில் கிளாடிஸ் நின்றிருந்தாள். நோட்டு அவளுக்கும் தெரியும். அவள் கணக்கு டீச்சர்.

9

இப்போது தேவபிரசாதத்திடம் இரண்டு உண்மை இருக்கிறது.

ஒன்று: கயிறு கஸ்பாரின் கையால் அளந்தது. அவன் கை நீளம். அவன் சொன்ன ஆழம் தவறு.

இரண்டு: அந்தத் தவறைத் தாங்குவதற்கென்றே புத்தகத்தில் இருந்த விதியை அவர் எடுத்தார்.

முதலாவதைச் சொன்னால் அது பொய்யாகாது. யாரும் மறுக்க முடியாது. கஸ்பாரே கையை விரித்துக் காட்டுவான். அவன் பழியைக் கழுவத்தான் அவரைக் கூப்பிட வந்தான்; வந்த இடத்தில் தன் கையாலேயே அதை அளந்து கொடுத்துவிட்டான். இரண்டாவது உண்மை கிளாடிஸைத் தவிர உலகத்தில் எவருக்கும் தெரியாது. கேசட்டின் மேல் வேறு எதையாவது பதிந்தால் மூன்று நிமிடத்தில் அழியும்.

நான் எழுதிப் பார்த்த முடிவுகள்:

அவர் இரண்டாவதைச் சொல்கிறார். ரோஸ் அண்ணனை உள்ளே விடுகிறாள். தெரு அவர் வீட்டு ஜன்னலைக் கல்லால் அடிக்கிறது. கிளாடிஸ் பள்ளிக்கு வேறு வழியாக —

அவர் முதலாவதைச் சொல்கிறார். கஸ்பார் தன் கைகளைப் பார்த்துக்கொண்டே நிற்கிறான். அதன் பிறகு அவனை யாரும் கயிறு பிடிக்கக் கூப்பிடுவதில்லை. அவன் ஸ்ரீவைகுண்டம் பக்கம் செங்கல் சுமக்கப் போய் —

அவர் இரண்டையும் சொல்கிறார், நிதானமாக, பாகமும் அடியும் வரிசையும் விளக்கி. யாருக்கும் எதுவும் புரிவதில்லை. கடைசியில் "கயிறு" என்ற ஒரு வார்த்தை மட்டும் எல்லார் காதிலும் தங்குகிறது. இதுதான் நடந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டையும் சொன்னால் நேர்மை வந்துவிடும் என்று நினைக்கிறவர்கள், முதலில் எதைச் சொல்வது என்று யோசியுங்கள்.

ஒவ்வொன்றையும் முழுதாக எழுதினேன். எல்லாமே நன்றாக வந்தன. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கிளாடிஸை வைத்து அவரைத் தள்ளலாம் என்று பார்த்தேன். அவள் ஒன்றுதான் சொன்னாள். அதற்கு மேல் என் பேனாவுக்கு அவள் இடம் தரவில்லை.

"போகும்போது அந்த நோட்ட எடுத்துட்டுப் போங்க. வேண்டாம்னா இங்கன வச்சிட்டுப் போங்க. நான் எடுத்துத் தரமாட்டேன்."

10

மத்தியானம் மூன்று மணி. வார்டில் பார்வையாளர் நேரம். நோட்டு அவர் இடுப்பில், சட்டைக்கு உள்ளே இருக்கிறது. அதைக் காட்டுவதற்காகக் கொண்டுவந்தாரா, யாரும் எடுத்துவிடாமல் தன்னோடு வைத்துக்கொண்டாரா என்று அவருக்கே தெரியவில்லை.

கஸ்பார் வார்டு வாசலோடு நின்றுவிட்டான். தங்கை பார்க்கும் தூரத்தில் கால் வைக்கவில்லை.

இஞ்ஞாசி மல்லாந்து கிடந்தான். போர்வைக்குக் கீழே கால் இருந்த இடம் அசையவே இல்லை. தேவபிரசாதத்தைப் பார்த்ததும் எழ முயன்றான். மரியாதை. தோள் மட்டும் எழுந்தது.

"ஏளா, ஸ்டூல எடுத்துப் போடு சாருக்கு" என்றான்.

ரோஸ் ஸ்டூலைப் போட்டாள். நாலு நாள் சீவாத தலை. சேலை முந்தானையில் மருந்துக் கறை. அவளுக்கு இருபத்தெட்டு வயது இருக்கும். நான் எடுத்துப் போட்ட ஒரு பக்கத்தில் அவள் அழுதுகொண்டே இருந்தாள். இங்கே அழவில்லை.

"நீங்க ஒண்ணும் மனசுல வச்சிக்கிடாதீக சார்" என்றான் இஞ்ஞாசி. "மிஷினு சரியாத்தான் சொல்லியிருக்கும். கடலுக்குள்ள என்னமும் நடக்கும்."

"நீரு சும்மா இரும்" என்றாள் ரோஸ். தேவபிரசாதத்தின் பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை. அடுத்த கட்டிலில் ஓர் ஆள் தூங்கிக்கொண்டிருந்தான்.

"சார், நான் படிக்கல்ல. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். இவருக்குக் கால் வராதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அதையும் கேட்டுக்கிட்டேன். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. எங்க அண்ணன் மேல தப்பு இருக்கா, இல்லியா?"

இருக்கா என்றால் இருக்கிறது. ஆறடி நான்கு அங்குலம்.

வாசலில் கஸ்பாரின் நிழல் ஒரு அடி உள்ளே வந்து, திரும்பப் போனது.

தேவபிரசாதம் வாயைத் திறந்துவிட்டார். இதற்கு மேல் அவருக்காக நான் பேசமாட்டேன். அவரை ஊமையாக்கி எழுந்து போக வைக்கலாம். அதுவும் அந்த வார்டில் ஒரு பதிலாகத்தான் கேட்கும். ரோஸ் கேள்வியை 'இருக்கா, இல்லியா' என்று கேட்டுவிட்டாள். விளக்கத்துக்கு அவள் இடம் வைக்கவில்லை. ஒரு சொல்லுக்குத்தான் வைத்திருக்கிறாள்.

அந்தச் சொல்லை நீங்கள் சொல்லுங்கள். மனசுக்குள் வேண்டாம். வாய்விட்டு, அவளைப் பார்த்து.